வந்தவைக்குக் காட்டின வலை

வாங்கோ தம்பி, செருப்பைக் கழட்டத் தேவையில்லை, மணல்தானே. இதுதான் வலை. உந்தப் பூவரசில துவங்கி அங்கால கொட்டில் வரைக்கும் கிடக்கிறது முழுக்க ஒரே வலைதான். கரைவலை எண்டு கேள்விப்பட்டிருப்பியள். வள்ளத்தில கொண்டுபோய்க் கடலை வளைச்சுப் போட்டிட்டு, ரெண்டு பக்கத்துக் கயித்தையும் சனம் கரையில நிண்டு இழுக்கிறது. நடுவில பை மாதிரி இருக்கே, இது மடி. பட்ட மீன் எல்லாம் கடைசியில வந்து சேருறது இதுக்குள்ளதான்.

என்னது, ஹோட்டல் சுவரில தொங்கவிடவோ? ம். ரெலிபோனில கதைக்கேக்க மீன்பிடிக்கத்தான் கேக்கிறியள் எண்டு நினைச்சன். பரவாயில்லை. நாலு பேர் பாக்கிற இடத்திலதானே தொங்கப்போகுது. தொங்கவிடேக்க மடி முன்னுக்குத் தெரியட்டும். வலைக்கு முகம் அதுதான்.

மக்கிறேற்! தம்பிக்குத் தேத்தண்ணி போடும். மருமகன் வந்திட்டானோ? இன்னும் இல்லையோ? சரி, சரி.

ஒண்டுமில்லை, அவனை ரவுணுக்கு ஒரு அலுவலா அனுப்பினனான். இண்டைக்கு நீங்கள் இஞ்ச சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும். மாட்டன் எண்டு சொல்லக்கூடாது. சங்குமுனைக்கு வந்திட்டு வெறும் வயித்தோட போனியள் எண்டால் எனக்குத்தான் வெக்கம்.

ஏன் விக்கிறன் எண்டோ? வாற எல்லாரும் அதைத்தான் கேக்கினம். ஊருக்குள்ள போய்க் கேட்டுப் பாருங்கோ, சந்தியோகு சம்மாட்டிதான் கரையைத் தூக்கிக் குடுத்தவன் எண்டு சொல்லுவினம். சம்மாட்டி எண்டால் வலைக்குச் சொந்தக்காரன். என்ர வலையை நம்பித்தான் இந்தக் கரையில அரைவாசிக் குடும்பம் அடுப்பு மூட்டினது. அந்தச் சனமே இப்ப என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புது. கோயிலில நான் இருக்கிற வாங்கில ஒருத்தரும் பக்கத்தில வந்து இருக்கிறதில்லை. நான் கரையைக் குடுக்கேல்லை தம்பி. எங்களைக் கவிழ்த்தது ஐஸ். ஓம், ஐஸ்தான். சிரிக்காதேங்கோ, சொல்லுறன்.

அங்க பாருங்கோ, கடலுக்குள்ள மஞ்சள் மஞ்சளா மிதக்குதே, அதுக்கு அங்கால நாங்கள் போகேலாது. இஞ்சால கம்பிவேலி. நடுவில கட்டுறது இறங்குதுறை. முனையில நிக்கிறது ரேடார். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், பேப்பரில எல்லாம் வந்தது, கடல் பாதுகாப்பு உடன்படிக்கை எண்டு. அந்தப் பெரிய நாடும் எங்கட நாடும் சேர்ந்து கடலைக் காவல் காக்கப்போகினமாம். நாட்டின்ர பேர் எனக்கு என்னத்துக்கு. இஞ்ச நாங்கள் 'பெரியாக்கள்' எண்டுதான் சொல்லுறது. பெரியாக்கள் கப்பல் தருவினம், ரேடார் தருவினம், எங்கட பெடியளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்குவினம். நாங்கள் என்ன குடுக்கிறது? எங்களிட்டை என்ன கிடக்கு? கரைதான் கிடக்கு.

கொழும்பில மேசை போட்டு ஒரு வருசமாக் கதைச்சவை. கதை நடக்கேக்கையே அவையின்ர கப்பல் ஒண்டு வந்து குடாவை அளந்தது. விடிய வந்து பொழுதுபடும் வரைக்கும் குறுக்கும் நெடுக்கும் போகும். அண்டையில இருந்து மீன் கரைக்கு வரேல்லை. வலை போட்டால் பாசி வரும், தொட்டால் அரிக்கிற சொறிமீன் வரும், ஒரு கைப்பிடி நெத்தலி வரும். நாங்கள் கச்சேரிக்குப் போய் அரசாங்க அதிபரிட்டைச் சொன்னம். பாதர் எழுதித் தந்தார், அதையும் குடுத்தம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, இது காலநிலை எண்டு பெரியாக்களின்ர நிபுணர் சொல்லிப்போட்டார். நிபுணர் சொன்னால் பேந்து ஆர் கதைக்கிறது.

அப்பதான் அந்தப் பிள்ளை வந்தா. பிரபாலினி. அமைச்சில வேலை. எங்கட பக்கத்தில மேசையில இருந்து கதைச்ச ஆக்களுக்குள்ள தமிழ்ப் பிள்ளை எண்டு அவ ஒராள்தான். ஜீப்பை ஒழுங்கையில விட்டிட்டு, செருப்பைக் கையில எடுத்துக்கொண்டு மணலுக்குள்ளால நடந்து வந்தா. இந்த இடத்திலதான், நீங்கள் இருக்கிற கதிரையிலதான் இருந்தவ. அண்டைக்கு வீட்டில கருவாட்டுக் குழம்பு மட்டும்தான். மீன்காரன் வீட்டில வந்த பிள்ளைக்குக் கருவாடு வைக்கிறதோ? எனக்குக் குனிஞ்ச தலை நிமிரேல்லை. அவ வழிச்சுச் சாப்பிட்டிட்டு, "நல்லாருக்கு ஐயா" எண்டா. பொய்க்குச் சொன்னாவோ மெய்க்குச் சொன்னாவோ.

சாப்பிட்டிட்டுத்தான் விசயத்துக்கு வந்தா.

"ஐயா, என்ர பக்கத்தில இருக்கிற எங்கட ஆக்களே நான் சொல்லுறதைக் கேக்கினமில்லை. பெரியாக்கள் எப்பிடிக் கேப்பினம்? கடைசியா ஒண்டு கேட்டுப் பாத்தனான். கையெழுத்து வைக்க முந்தி ஒருக்கா வந்து, கரையில ஒரு வலை இழுக்கிறதைப் பாருங்கோ எண்டு. ஓம் எண்டிட்டினம். அடுத்த கிழமை வருவினம்."

"அதுக்கென்ன மிஸ், வரட்டும். நல்லாச் செய்வம்," எண்டன்.

"நல்லாச் செய்ய வேண்டாம் ஐயா," எண்டு சட்டெண்டு சொன்னா. "மாலை வேண்டாம், பேச்சு வேண்டாம். வழமையா எப்பிடி இழுக்கிறியளோ அப்பிடி இழுங்கோ. வெறும் வலை வந்தால் வெறும் வலை. அதை அவை தங்கட கண்ணால பாக்கவேணும். எனக்குச் சொல்லுறதுக்கு மிச்சம் இருக்கிறது அது ஒண்டுதான்."

"பாத்தால் என்ன செய்வினம்?"

"இறங்குதுறையை முனைக்கு அங்கால, கல்லுப்பக்கம் கொண்டுபோங்கோ எண்டு கேக்க எனக்கு வாய் இருக்கும். கல்லுப்பக்கம் ஒருத்தரும் வலை போடுறதில்லைத்தானே? கொஞ்சம் செலவு கூட. ஆனால் ஏலாத காரியம் இல்லை. இந்தக் கரை உங்களுக்கு மிஞ்சும்."

நான் ஓம் எண்டனான் தம்பி. தலையாட்டினனான். அந்தப் பிள்ளை என்ர கையைப் பிடிச்சு, "மறக்காதேங்கோ ஐயா, வழமை மாதிரி," எண்டிட்டுப் போனா.

அவ போனாப்பிறகுதான் யோசிச்சன். வழமை மாதிரி எண்டால் என்ன? எங்கட கரைக்கு ஒரு வழமை இருக்கு. வெளியாள் ஆர் வந்து கயித்தில கை வைச்சாலும் அவருக்குப் பங்கு. றோட்டால போற பிச்சைக்காரன் வந்து ஒருக்காப் பிடிச்சு இழுத்தாலும் பங்கு. பொலிஸ்காரன் பிடிச்சாலும் பங்கு. குடுக்காமல் விட்ட சம்மாட்டி இந்தக் கரையில இல்லை. இப்ப, அவ்வளவு பெரிய நாட்டில இருந்து ஆக்கள் வருகினம். ஆரும் ஒருத்தர் ஆசைக்குக் கயித்தைப் பிடிப்பார், பிடிக்காமல் இருப்பாரோ? மடியை அவிழ்த்தால் பாசியும் சொறியும் கிடக்கு. நான் என்னத்தைப் பங்கு குடுக்கிறது? பாசியைக் கையில குடுத்து அனுப்புறதோ? அவை தங்கட ஊரில போய் என்னெண்டு சொல்லுவினம்? அது ஒரு பரதேசிக் கரை, அதை எடுத்தால் என்ன விட்டால் என்ன எண்டு சொல்லமாட்டினமோ?

நீங்களே சொல்லுங்கோ. உங்கட ஹோட்டலுக்கு ஒரு வெள்ளைக்காரன் வந்தால் வெறும் கோப்பையையோ வைப்பியள்?

இன்னொண்டு. மதிப்பா இருக்கிறவனின்ர பொருளில ஒருத்தரும் கை வைக்கமாட்டினம். நொந்து போய்க் கிடக்கிறவனின்ர பொருளைத்தான் எல்லாரும் எடுக்கிறது. நான் உலகத்தில கண்டது அது. அந்தப் பிள்ளை படிச்ச பிள்ளை, ஆனால் வயசு காணாது. நொந்து போனதைக் காட்டு, அவை இரங்குவினம் எண்டு அவ நினைச்சா. பெரியாக்கள் இரங்குறதோ?

அருளப்புவிட்டைச் சொன்னன். அருளப்பு என்ர மனிசி மக்கிறேற்றின்ர தம்பி. கரையில நிண்டு வலையை நடத்திற மண்டாடி அவன்தான். எந்தப் பக்கம் இறுக்கவேணும், எப்ப விடவேணும் எண்டு அவன் கை காட்டினால்தான் கயிறு அசையும். அவன் என்னை ஒரு மாதிரிப் பாத்தான்.

"அத்தான், மிஸ் என்ன சொன்னவ?"

"அவ சொன்னது கிடக்கட்டும்."

"வெறும் வலையைக் காட்டச் சொன்னவ."

"வெறும் வலையைக் காட்ட உனக்கு வெக்கமில்லையோடா?"

"வலை வெறுமையா வாறதுக்கு வெக்கப்படவேண்டியது நானோ? கப்பல் விட்டவைக்கெல்லோ வெக்கம்?"

எப்பவும் உப்பிடித்தான் கதைப்பான். நியாயம் கதைக்கிற வாய். நான் அவனோட கதையை விட்டிட்டன்.

ஐஸ் லொறிக்காரன் எனக்குப் பழக்கம். நல்ல மீனாப் பாத்து இறக்கடா எண்டன். விடியப்புறம் ஆக்கள் எழும்ப முந்தி இறக்கினான். பாரை, சீலா, பெரிய பெரிய சூரை. வலையை வள்ளத்தில ஏத்தேக்கயே மீனை மடிக்குள்ள போட்டு வாயைக் கட்டிப்போட்டன். ரெண்டு பேரைத்தான் கூட வைச்சிருந்தனான், ரெண்டும் வாய் திறவாத ஆக்கள். உண்மையைச் சொல்லுறன், அந்த மீனைப் பாக்க எனக்கே சந்தோசமா இருந்திச்சு. எவ்வளவு காலத்துக்குப் பிறகு என்ர மடி நிறைஞ்சு கிடக்கு!

பிழை விட்டது அதிலதான். ஐஸ் பெட்டிக்குள்ளால எடுத்த கையோட போட்டிட்டன். ஒரு அரை மணித்தியாலம் வெளியில வைச்சிருந்தால் காணும். கடல் தண்ணிக்குள்ள போனால் குளிர் போயிடும் எண்டு நினைச்சன். போகேல்லை தம்பி. பெரிய மீன் எண்டால் குளிர் உள்ளுக்கு நிக்கும்.

அங்க என்ன பாக்கிறியள்? ஓ, மருமகன் வந்திட்டான்போல. அது ஒண்டுமில்லை, மக்கிறேற் முத்தத்து வெயில்ல ஏதோ காயப்போடுறா. நீங்கள் இஞ்சால திரும்பி இருங்கோ, வெயில் முகத்தில அடிக்குது.

வந்தினம். வாகனம் வாகனமா வந்தினம். மாலை வேண்டாம் எண்டு பிள்ளை சொன்னவதான், ஆனால் மாலை இல்லாமல் ஆரையும் இறக்கிறதோ? பாதர் வந்தார், பள்ளிக்கூடப் பிள்ளையள் கொடி பிடிச்சினம். பெரியாக்களுக்குத் தலைவர் எண்டு ஒரு மனிசன், நல்ல உயரம், வெள்ளைத் தலை. காற்சட்டையை முழங்காலுக்கு மடிச்சு விட்டுக்கொண்டு ஒரு பந்தா இல்லாமல் மணலில நிண்டார். எனக்குப் பிடிச்சுப்போச்சு. எங்கட அரசாங்கப் பக்கத்துத் தலைவர் சப்பாத்தோட வாங்கில ஏறி இருந்தார். பிரபாலினி பிள்ளை ஒரு பக்கமா நிண்டவ. மாலையைக் கண்டவுடனேயே அவவின்ர முகம் மாறினது எனக்குத் தெரிஞ்சது. மாலைக்குத்தான் கோவம் எண்டு நினைச்சன்.

வலை இழுக்கத் துவங்கினம். அருளப்பு முன்னுக்கு நிண்டு கை காட்டினான். பாதி வழி வந்தாப்போல அவன்ர கை நிண்டிட்டுது. கயிறு கனக்குதெல்லோ? வெறும் வலையின்ர பாரம் அவனுக்குத் தெரியும், பிறந்ததில இருந்து அவன் தொட்ட கயிறு. என்னைத் திரும்பிப் பாத்தான். நான் மற்றப் பக்கம் பாத்தன். அவன் கயித்தை விட்டிட்டு, சாரத்தை உதறிக்கொண்டு, வந்தவைக்கு முன்னாலயே நடந்து போனான். எவ்வளவு அவமானம் பாருங்கோ! அவ்வளவு பெரிய மனிசருக்கு முன்னால ஒரு மண்டாடி கயித்தை விட்டிட்டுப் போறான். மானம் போச்சு எண்டு நினைச்சன்.

அந்த வெள்ளைத்தலை மனிசன் என்ன செய்தார் தெரியுமோ? சிரிச்சுக்கொண்டு வந்து அருளப்பு விட்ட இடத்தில கயித்தைப் பிடிச்சார். அவரைப் பாத்து மற்றவையும் பிடிச்சினம். சனம் கை தட்டினது. கமராக்காரர் ஓடி ஓடிப் படம் எடுத்தவை. எனக்குக் கண் கலங்கிப்போச்சு தம்பி. எங்கட கயித்தை ஒரு பெரிய நாடு பிடிச்சு இழுக்குது.

மடி கரைக்கு வந்திச்சு. அவிழ்த்தன். மீன் மணலில சரிஞ்சுது. ஒரு மீனும் துடிக்கேல்லை எண்டது உண்மைதான், ஆனால் அவைக்கு அதெல்லாம் என்ன தெரியும்? ஓ எண்டு ஒரு சத்தம். பள்ளிக்கூடப் பிள்ளையள் துள்ளினதுகள். எங்கட சனம் மட்டும் சத்தமில்லாமல் நிண்டது. கரைவலைக்குள்ள அவ்வளவு பெரிய சூரை வராது எண்டு அதுகளுக்குத் தெரியும். ஆனால் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. எங்கட சனம் நல்ல சனம், வெளியாளுக்கு முன்னால காட்டிக் குடுக்காது.

பெரிய பாரை ஒண்டைத் தூக்கி அந்த மனிசனின்ர கையில குடுத்தன். உங்கட பங்கு எண்டன். கூட வந்த ஆள் அவையின்ர பாசையில சொன்னார். மனிசன் ரெண்டு கையாலயும் வாங்கி மேல தூக்கிக் காட்டினார், படம் எடுத்தினம். பேந்து மீனைக் கீழ வைச்சிட்டு லேஞ்சியை எடுத்துக் கையைத் துடைச்சார். நல்லாத் துடைச்சார். விரலை விரலாத் துடைச்சார். அப்பதான் எனக்கு விளங்கினது, குளிர் கையில பட்டிட்டுது எண்டு. அவர் "இவ்வளவு மீன் இருக்கிற கடலை நாங்கள் கண்ணை மாதிரிப் பாதுகாப்பம்," எண்டு சொல்லி என்ர கையைக் குலுக்கினார். நான் அந்தக் கையைத்தான் பாத்தன்.

பிள்ளை கிட்ட வந்தா. குனிஞ்சு ஒரு சூரையைத் தொட்டா. கையை எடுக்கேல்லை, கொஞ்ச நேரம் அப்பிடியே வைச்சிருந்தா. பேந்து நிமிந்து என்னைப் பாத்தா. அந்தப் பார்வையை நான் என்னெண்டு சொல்லுறது? கோவிச்சிருந்தால் பரவாயில்லை. எங்கட பக்கத்துத் தலைவர் அவவைக் கூப்பிட்டு, "மீன் இல்லை எண்டீர், இது என்ன?" எண்டு எல்லாருக்கும் கேக்கக் கேட்டார். அவவுக்கு வாய் ஒருக்காத் திறந்தது. என்னைப் பாத்தா, பாதரைப் பாத்தா, வரிசையா நிண்ட சனத்தைப் பாத்தா. "இண்டைக்கு நல்லாப் பட்டிருக்கு சேர்," எண்டு சொன்னா.

அவ்வளவுதான். நான் நினைச்சன், நல்ல பிள்ளை, என்னைக் காப்பாத்திப்போட்டா எண்டு.

அடுத்த நாள் ரவுணில கையெழுத்து. ரீவியில பாத்தம். ரெண்டு கொடி, ரெண்டு பேனை, கை குலுக்கினம். பொழுதுபட முந்தி ஜீப் ஒண்டு ஒழுங்கையில வந்து நிண்டது. பிள்ளைதான். உள்ளுக்கு வரேல்லை, படலையடியில நிண்டா. மக்கிறேற் ஓடிப்போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தவ. கையில வாங்கினா, குடிக்கேல்லை.

"ஐயா, அந்தப் படத்தைப் பெரிசாக்கி மேசையில வைச்சினம்," எண்டா.

"நல்ல படம்தானே மிஸ்?"

"நல்ல படம்தான் ஐயா. இவ்வளவு மீன் படுற கரையில எங்கட வேலையால ஒரு பாதிப்பும் இல்லை எண்டு உங்கட கண்ணாலயே கண்டியள்தானே எண்டு கேட்டினம். கல்லுப்பக்கத்துக் கதையை நான் எடுக்கவே ஏலாமல் போச்சு."

"தேத்தண்ணி ஆறப்போகுது மிஸ்," எண்டன்.

"அது கடைமீன் எண்டு நான் சொல்லியிருந்தால், எங்கட சனம் ஏமாத்துற சனம் எண்டு ஆகியிருக்கும். பேந்து உங்கட எந்தச் சொல்லையும் ஒருத்தரும் நம்பாயினம். சொல்லாமல் விட்டதால பொய்க்காரி நானாப் போனன். ஏன் ஐயா அப்பிடிச் செய்தனீங்கள்?"

"வந்தவைக்கு வெறும் வலையைக் காட்டேலுமோ மிஸ்?"

அதுக்கு அவ சிரிச்சா. சிரிப்பு எண்டு சொல்லேலாது, வாய் அப்பிடிப் போச்சு. "கடைசியா எங்கட தலைவரிட்டையும் கேட்டவை ஐயா. இந்த உடன்படிக்கையால உங்கட பக்கத்துக்கு ஏதும் கஷ்டம் இருக்கோ, இருந்தால் சொல்லுங்கோ, மாத்தி எழுதுவம் எண்டு. மெய்யாத்தான் கேட்டவை. அவர் கோட்டை இழுத்து விட்டிட்டு, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை எண்டு சொன்னார்." பேந்து, "நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டுதான் ஐயா," எண்டா.

எனக்கு அவ சொன்னது வடிவா விளங்கேல்லை. அவ்வளவு பெரிய பதவியில இருக்கிற மனிசனையும் என்னையும் ஒண்டாச் சொன்னது, ஒரு வழியில மரியாதைதானே? ஆனால் சொன்ன விதம் மரியாதை மாதிரி இருக்கேல்லை. தேத்தண்ணியைக் குடிக்காமல் மதிலில வைச்சிட்டுப் போனா தம்பி. என்ர வீட்டுப் படலையில ஒரு பொம்பிளைப்பிள்ளை தேத்தண்ணி குடிக்காமல் திரும்பிப் போனது அண்டைக்குத்தான். அதை நினைச்சால் இப்பவும் தலை குனியும். அந்தக் கோப்பையை மக்கிறேற் கழுவி எடுத்து வைக்கேக்க நான் அங்கால போயிட்டன், பாக்கேலாமல்.

அவவை இப்ப வேற எங்கேயோ மாத்திப்போட்டினமாம். கடல் இல்லாத ஊராம்.

அருளப்பு அண்டையில இருந்து என்னோட கதைக்கிறதில்லை. அங்கால களப்பில ஆற்றயோ வலைக்குக் கூலிக்கு இறால் பிடிக்கிறான். தமக்கையைப் பாக்க வந்தால் குசினிப் பக்கத்தால வந்து அந்தப் பக்கத்தாலேயே போறான். கயித்தை விட்டிட்டுப் போய் மானத்தை வாங்கினது அவன். ஆனால் ஊர் அவனைத்தான் கும்பிடுது. எனக்கு அதுதான் விளங்கேல்லை.

ஊர்ச்சனம் சொல்லுது, மீனைக் காட்டினபடியால்தான் கரை போனது எண்டு. அப்பிடி இல்லை. அந்த வெள்ளைத்தலை மனிசன் கையைத் துடைச்சதை நான் கண்டனான். ஐஸ் மீன் எண்டு தெரிஞ்சு போச்சு. உவங்கள் ஒண்டுமில்லாத ஆக்கள், கடையில வாங்கி மடியை நிரப்பினவங்கள் எண்டு கண்டிட்டார். அதாலதான் மதிப்புப் போனது. மதிப்புப் போன இடத்தில கரையும் போகும். வெயில்ல கொஞ்ச நேரம் வைச்சு எடுத்திருந்தன் எண்டால் இண்டைக்கு இந்த வலை உங்கட சுவருக்கு வராது.

உள்ளுக்கு வாங்கோ, அந்தப் படத்தைக் காட்டுறன். திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில தொங்குதே, அதுதான். அவையே பெரிசாக்கிக் கண்ணாடி போட்டு அனுப்பினவை. மறக்கேல்லைப் பாருங்கோ. மீனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறவர் அவர். பக்கத்தில குனிஞ்சு நிக்கிறது நான். அவர் என்ன சிரிப்புச் சிரிக்கிறார்! ஒரு ஓரத்தில சேலைத் தலைப்புத் தெரியுதே, அது பிள்ளை. முகம் விழேல்லை. ஹோட்டலில வலைக்குப் பக்கத்தில இதையும் தொங்கவிட விருப்பமெண்டால் கேளுங்கோ, ஒரு பிரதி எடுத்துத் தரலாம். வாற ஆக்கள் பாத்தால் இந்த வலை எவ்வளவு பட்ட வலை எண்டு நினைப்பினம்.

சிலவேளை, வலையில எலி வெட்டின இடத்தைப் பொத்தேக்க, யோசினை ஒண்டு வரும். அண்டைக்குப் பாசியும் சொறியும் மட்டும் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்த மனிசன் கயித்தைப் பிடிச்சிருப்பார், நான் பங்கு குடுக்க ஒண்டும் இல்லாமல் கையைப் பிசைஞ்சுகொண்டு நிண்டிருப்பன். ஒரு பத்து நிமிசம் வெக்கப்பட்டிருப்பன். பத்து நிமிசம்தானே. அவ்வளவுக்கு மேல வெக்கம் நிக்காது. பேந்து அவை போயிருப்பினம், நாங்கள் வலையை அலம்பிக் காயப்போட்டிருப்பம். நாளைக்கும் போட்டிருப்பம்...

சரி, அதெல்லாம் என்னத்துக்கு. கனக்க யோசிச்சால் மனிசனுக்கு விசர்தான் பிடிக்கும். மக்கிறேற், எடுத்து வாரும், தம்பிக்குப் பசிக்கும்.

இஞ்ச பாருங்கோ, சமைக்க முந்தி உங்களுக்கு ஒருக்காக் காட்டச் சொன்னனான். எப்பிடி மீன்? விளைமீன். கண்ணைப் பாருங்கோ, என்ன பளபளப்பு. ரவுணில உங்களுக்கு உப்பிடி ஒண்டு கிடையாது. எங்கட கரை மீன், விடிய வலையில பட்டது.

என்ன தம்பி, வாசலால வலையைத் திரும்பித் திரும்பிப் பாக்கிறியள்? எங்கட கரை மீன்தான். தொட்டுப் பாருங்கோ. பயப்படாமல் கையை வையுங்கோ. குளிருதோ?